எலும்பு தட்டுது

நகராட்சி இடுகாட்டில் எனக்கு உத்தியோகம். ஊரில் என் பேர் ‘கம்பி’. ஜெயிலில் கம்பி எண்ணிவிட்டு வந்தவன் என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும், எனக்கென்ன வந்தது?

விஷயம் இதுதான். இடுகாட்டில் இடமில்லை. இருபத்தைந்து வருடமான குழியில் அதே குடும்பத்தாரை மறுபடி புதைக்கலாம் என்று விதி. வருடம் மட்டும் போதாது. ஆளுயர இரும்புக் கம்பி ஒன்றைக் குழியின் நடுவில் நான் இறக்கிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் போனால் மண் பழுத்துவிட்டது. தட்டினால் எலும்பு, இன்னும் ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். அந்த விஷயத்தில் மேலதிகாரியே என்னிடம் வாயைத் திறக்க மாட்டார். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்ததில் எங்கள் தெருத் தையல்காரரின் மகனும் செத்துப்போனான். முதுகில் பை மாட்டியிருந்தானாம். குண்டு அந்தப் பையில்தான் இருந்தது என்று எவனோ போனில் கிளப்பிவிட்டான். ஊர் நம்பிவிட்டது. போலீஸ் ஒன்றும் சொல்லாமல் உடலைக் கொடுத்துவிட்டது. தையல்காரர் தன் அப்பாவின் குழியைக் கேட்டார். இருபத்தொன்பது வருடக் குழி. கேட்பதற்கு முழு உரிமை இருந்தது.

அன்று காலை இடுகாட்டு வாசலில் கூட்டம். முன்னால் நின்றவன் என் மனைவியின் தம்பி. குண்டு வைத்தவனை இங்கே புதைத்தால் கூட்டாளிகள் வருவார்கள், போலீஸ் வரும், தெருவில் ஒருத்தரும் நிம்மதியாக இருக்க முடியாது என்று முழங்கிக்கொண்டிருந்தான். எப்போதும் அவன் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவன் நான். அன்று விட முடியவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? பயந்துவிட்டேன்.

என்னை ஓரமாக இழுத்துப்போனான். “மாமா, சண்டையே வேணாம். எலும்பு தட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

கம்பியை இறக்கினேன். மாவுக்குள் விரல் போவதுபோலப் போனது. மேல்முனை என் முழங்கால் உயரத்துக்கு இறங்கியதும் நானாகவே நிறுத்தினேன்.

“தட்டுது” என்றேன்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. தையல்காரர் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருக்கலாம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் எம்புள்ள மேல பழி போட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க.”

பக்கத்தில் எங்கும் இடம் கிடைக்காமல் பையனை அறுபது மைல் தள்ளி, முகம் தெரியாதவர்கள் நடுவில் புதைத்தார்கள்.

பதினேழாம் நாள் போலீஸ் அறிக்கை வந்தது. குண்டு இருந்தது குப்பைத் தொட்டியில். பையனின் பையில் இருந்தவை இரண்டு நோட்டும் ஒரு துண்டும். நமக்கு எப்படித் தெரியும் மாமா என்று மச்சான் தோளைக் குலுக்கினான். ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு விடுவது? பொய் சொன்ன வாய் என்னுடையது. வீட்டில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டால்கூட அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

சில மாதம் கழித்து, கோடையில், தையல்காரர் வந்தார். மகனை இங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்பார், எப்படியாவது செய்துகொடுத்து என் பாரத்தை இறக்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“எங்கப்பா நல்ல மனுஷன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இத்தன வருஷமாயும் மண்ணு அவர ஏத்துக்கலையே. அப்படி என்ன பாவம் பண்ணியிருப்பாரு? ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்குங்க.”

சொல்லிவிட வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“அவர் மேல தப்பு இல்லீங்க. இங்க ஈர மண்ணு, அதான்” என்றது நாக்கு.

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். வறண்ட புழுதி, விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டியது. முழுவதும் கொட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசலைத் தாண்டிப் போனார்.