வெள்ளிக்கிழமை மட்டன் ரோல்ஸ்

மகளின் வகுப்பு இன்று ஸ்காபரோவில் ஒரு தமிழ் முதியோர் நிலையத்துக்குப் போய் மதிய உணவு பரிமாறியது. நானும் துணைக்குப் போனேன்.

உணவுப் பொறுப்பு பெற்றோர் குழுத் தலைவி சுமதியுடையது. மட்டன் ரோல்ஸ் என்று அறிவித்தார். “வெள்ளிக்கிழமை கனபேர் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டினம், மரக்கறி ரோல்ஸ் செய்வம்” என்று வட்ஸ்அப்பில் எழுதினேன்.

“அக்கா, இது கனடா. உங்கட காலத்துக் கதையை விடுங்கோ.” இது சுமதியின் பதில், கூடவே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.



இன்று பிள்ளைகள் தட்டை நீட்ட நீட்ட, முதியவர்கள் ஒவ்வொருவராகக் கையை அசைத்தார்கள். “வேண்டாம் பிள்ளை, இண்டைக்கு வெள்ளியெல்லோ.”

சுமதி என்னிடம் ஓடி வந்தார். “அக்கா, பாவங்கள், பசியோட இருக்கினம். என்ன செய்யிறது?”

என் கார் டிக்கியில் ஒரு பெரிய சட்டி நிறையத் தாளித்த கடலை இருந்தது. எடுக்கப் போகத்தான் எழுந்தேன். அப்போது, பகலில் அந்த நிலையத்துக்கு வந்துபோகும் சுமதியின் மாமியார் முன்வரிசையிலிருந்து மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்: “வீட்டிலையும் இவ இப்பிடித்தான். ஆர் சொன்னாலும் கேக்கமாட்டா.”

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். மாமியார் நிறையப் பேசினார். முடித்த பிறகே கடலை வந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “அம்மா, கடலையை ஏன் முதலே கொண்டுவரேல்லை?”

“சூடு ஆறட்டும் எண்டு விட்டனான்.”

வட்ஸ்அப் குழுவில் பிற்பகலிலிருந்து ஒரே அமைதி. காலிச் சட்டியின் படம் என்னிடம் இருக்கிறது. அதே சிரிப்பு முகங்களோடு போட்டுவிடட்டுமா?