அனுமதி வேண்டாத ஊர்வலம்

திருவண்ணாமலைக்கு நான் போனது புண்ணியம் தேடி அல்ல. ஷாஹிரா கூப்பிட்டாள், போனேன். கல்லூரித் தோழி. அவள் குடும்பம் அங்கே தலைமுறைகளாகத் துணிக்கடை வைத்திருக்கிறது. இவளுக்குத்தான் கடையில் கால் தரிக்காது. பெண்கள் அமைப்பு, கூட்டம், போராட்டம் என்று சுற்றுவாள். போன ஐப்பசியில் போன் செய்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் விளைநிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப் பார்க்கிறார்கள், ஊர்வலத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை என்றாள்.

"கிரிவலம் போக யார்கிட்ட அனுமதி கேக்கணும்? நீயும் வந்துடு."

கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் நாலரை மணி நேரம். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். பௌர்ணமி இல்லையென்றால் வாடகை கம்மி.

காலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்தின் முன் கூடினோம். தூறலும் இல்லை, பனியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மலையைக் காணவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு வேர்க்கடலைச் செடியைத் தங்கள் நிலத்திலிருந்து காயோடு பிடுங்கி வந்திருந்தார்கள். செருப்பில்லாமல், கோஷம் இல்லாமல் நடந்தோம். ஈரச் சாலையில் பாதங்களின் சத்தம் மட்டும். பக்கத்தில் செடிகளின் வேர்மண் மணத்தது. பாதித் தூக்கத்தில் வயலுக்குள் நடப்பதுபோல் இருந்தது எனக்கு. போலீஸ்காரர் ஒருவர் பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

முன்னால் வேகமாகப் போனவர்கள் ஆண்கள். போராட்டக் குழுத் தலைவர் முருகேசன் அவர்களோடு இருந்தார். பத்து மணிக்கு அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை. உள்ளே போக ஐந்து பேர், ஐவரும் ஆண்கள். போராட்டப் பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது பெண்கள்தான் என்று ஷாஹிரா பொருமினாள்.

பக்கத்தில் நடந்த செல்வி அக்கா சொன்னார்: "வெல ஜாஸ்தியா குடுத்தா ஒத்துக்கலாம்னு இவங்க பேசிக்கிறாங்கம்மா. பட்டா ஆம்பளைங்க பேர்ல, பணமும் அவங்களுக்கு. அதுல பாடுபடுறது நானு. நானும் உள்ள வரேன்னு கேட்டேன். மொதல்ல நெலம், அப்புறம் உங்க விஷயம்னுட்டாரு முருகேசண்ணன்."

"நெலம்தான்க்கா நம்ம விஷயமே" என்றாள் ஷாஹிரா.

அடி அண்ணாமலை வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. மேகத்துக்குள்ளிருந்து மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். ஆண்கள் ஓட்டலில் பொங்கல் வடைக்கு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் நாக்கில் நீர் ஊறியது. செல்வி அக்கா விடவில்லை. "வலம் முடியாம உக்காரக் கூடாதும்மா." அத்தனை பெண்களும் ஓட்டலைத் தாண்டி நடந்தார்கள். எப்படியும் பிடித்துவிடலாம் என்று முருகேசன் இன்னொரு காபி சொன்னார். பதினாலு கிலோமீட்டரையும் எத்தனையோ பௌர்ணமிகளில் நடந்த பெண்கள் அவர்கள். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

வலம் முடித்து, அப்படியே பேச்சுவார்த்தை நடக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. ஆண்கள் இன்னும் வரவில்லை. அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"பேச வர்றவங்க யாரும் வரலையா?"

செல்வி அக்கா ஷாஹிராவைப் பார்த்தார். ஷாஹிரா வாயே திறக்கவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவள் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன்.

"நாங்க வந்துட்டோம் சார்" என்றார் செல்வி அக்கா.

நால்வரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். முருகேசன் ஆட்டோவிலிருந்து இறங்கி மூச்சு வாங்க ஓடி வந்தபோது ஐந்து நாற்காலியிலும் பெண்கள், மேசையெல்லாம் வேர்க்கடலைச் செடி. கதவருகே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"செல்வி, எழுந்திரு. நான் பேசிக்கிறேன்."

"இன்னொரு சேர் போடச் சொல்றேன், உக்காருங்கண்ணே. நான் பேசி முடிச்சுட்டு நீங்க பேசுங்க."

அவர் உட்கார்ந்தார். விலைப் பேச்சு அன்று எழவே இல்லை.

நில விவகாரம் இன்னும் முடிவாகவில்லை; பந்தலும் இருக்கிறது. நீங்கள் கிரிவலம் போவதானால் விடிவதற்கு முன் தொடங்குங்கள், நான்கு மணி நேரம் பிடிக்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அடி அண்ணாமலைப் பொங்கலை மறுநாள் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. முருகேசன் உட்கார்ந்ததில் தப்பே இல்லை.