மழை படக்கூடாத பெஞ்சு

வாயில் பிரஷ், உதட்டோரம் நுரை. டீச்சர் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் மர பெஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தார். "பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறதப் பாரு! மூஞ்சியும் மொகரையும்!" கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து மிச்சத்தையும் திட்டினார். கொஞ்ச நாளாக விடிந்ததும் முதல் அர்ச்சனை பெஞ்சுக்குத்தான். தண்ணீர் மோட்டாரும் கேஸ் அடுப்பும் பக்கத்து வீட்டுப் பூனையும் அதற்குப் பிறகுதான் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

நீச்சல் சொல்லித் தருவது அவர் தொழில். குளத்தின் இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரையில் மூழ்கியிருப்பவனுக்கும் கேட்கும் என்பதால், தெருவில் 'மைக் டீச்சர்' என்றுதான் பெயர். குளோரின் ஏறிய கண் எப்போதும் சிவந்தே இருக்கும். சாந்தமாகக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தாலும் கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்துவிடுவார். "நான் என்ன சொன்னேன் இப்ப? சும்மா பாத்தேன்!" என்பார் டீச்சர்.

ஒரு விஷயம் குளத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். டீச்சர் கத்துகிறவரைக்கும் பயமில்லை. யாருக்காவது நிஜமாகவே மூச்சு முட்டினால்தான் அவர் குரல் இறங்கும்.

டீச்சரின் வீட்டுக்காரர் ஆயுசு பூரா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு ஒரு கரண்டிகூட அவர் தேர்ந்தெடுத்ததில்லை. திரைச்சீலையிலிருந்து தன் சட்டை வரைக்கும் எல்லாம் டீச்சர் கைதான். ஓய்வு பெற்ற கையோடு, யாரிடமும் சொல்லாமல் போய் அந்தப் பெஞ்சை வாங்கி வந்தார். வெளியில் போட்டு உட்கார்வதற்கென்றே செய்த அசல் தேக்கு என்று கடையில் சொல்லியிருந்தார்கள். "சாயங்காலம் நீ வந்ததும் ரெண்டு பேரும் இங்க உக்காரலாம்னு..." என்று இழுத்தார். டீச்சர் பெஞ்சைச் சுற்றி வந்து, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

ஒரே ஒரு மழைக்காலம். பலகை உப்பியது. ஆணியைச் சுற்றி வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. மேலே பூசியிருந்த தேக்கு நிறம் கரைந்து ஓட, உள்ளே வெளிறிப்போன ஏதோ ஒரு மரம் தெரிந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்து, டீ டம்ளரோடு அதில் உட்கார்ந்தார். பெஞ்சின் கால் மளுக்கென்று ஒடிந்தது. எழுப்பி நிறுத்தியபோது இடுப்பில் சுளுக்கு. சேலையின் பின்புறம் பூராவும் செம்பட்டைக் கோடுகள். "என் தம்பி ஒண்ணு வாங்கினா இப்படித்தான் இருக்கும். சின்ன வயசுலயே ஏமாளி" என்றார் அக்கா.

அன்று முதல் டீச்சர் பெஞ்சைத் திட்டினார், கடையைத் திட்டினார், மழையைக்கூடத் திட்டினார். வீட்டுக்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரோ பின்பக்கக் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

பெஞ்சு வாங்கிய கடைக்கு டீச்சர் அவரையும் அழைத்துக்கொண்டுதான் போனார். டை கட்டிய மேனேஜர் டீச்சரின் கைபேசியில் பெஞ்சின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இதுல தண்ணி பட்டிருக்கு."

"வெளியில போடுற பெஞ்சுன்னுதானே வித்தீங்க?"

"வெளியில போடலாம் மேடம். மழை படக்கூடாது."

"மழை வெளியில பெய்யாம எங்க வீட்டு ஹால்லயா பெய்யும்?"

"நேரடி வெயிலும் ஆகாது மேடம். வேணும்னா ஒரு டப்பா பாலிஷ் இலவசமா தரோம்."

"பொணத்துக்குப் பவுடர் போடச் சொல்றீங்களா? எனக்குப் பணம் திரும்ப வேணும்!" சோபா பார்க்க வந்திருந்த குடும்பம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

மேனேஜர் சிரித்தபடி வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினார். "சார்கிட்ட அப்பவே எல்லாம் சொன்னோமே. வயசாயிடுச்சு இல்ல, சாருக்கு மறந்திருக்கும்."

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "சொல்லியிருப்பாங்க போலருக்கு. வா, போலாம்" என்றார்.

டீச்சரின் குரல் இறங்கியது. "சொன்னீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மேனேஜர் கைபேசியைத் திருப்பி நீட்டினார். "சரி" என்று மட்டும் சொல்லி அதை வாங்கிக்கொண்டு டீச்சர் வெளியே வந்தார்.

மறுநாள் டீச்சர் ஒரு சின்ன லாரியில் பெஞ்சை ஏற்றி, கடை வாசலை ஒட்டிய நடைபாதையில் இறக்கிவிட்டார். ஒடிந்த காலுக்கு இரண்டு செங்கல். பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் குளத்துக் குரலில் உபசரித்தார்: "வாங்க, உக்காருங்க! பாத்து உக்காருங்க! இந்தக் கடைத் தேக்குதான்! மழை மட்டும் ஆகாது, வெயில் மட்டும் ஆகாது!" ஒரு புதுமணத் தம்பதி தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் விரலோடு பலகையின் தோல் உரிந்து வந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். மேனேஜர் போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். "கூப்பிடுங்க. அவங்களும் நின்னு நின்னு கால் வலியோட வருவாங்க, உக்காரட்டும்" என்றார் டீச்சர்.

மதியத்துக்குள் முதலாளியே வந்து சேர்ந்தார். பெஞ்சை ஒரு பார்வை, வாசலில் கூடியிருந்த கூட்டத்தை ஒரு பார்வை. "முழுப் பணத்தையும் வாங்கிக்குங்கம்மா. மொதல்ல இத இங்கேருந்து எடுக்கச் சொல்லுங்க."

"என்கிட்ட ஏன் குடுக்கிறீங்க? வாங்கினவர் அவரு." லாரி டிரைவரோடு ஒதுங்கி நின்ற வீட்டுக்காரரைக் கைகாட்டினார். "குடுக்கும்போது சொல்லியும் குடுங்க. அவருக்கு மறக்கல, நீங்க சொல்லவே இல்லன்னு."

முதலாளி மேனேஜரை முறைத்தார். பிறகு வீட்டுக்காரரிடம் போய், "சார், எங்க பக்கம்தான் தப்பு. தேக்குன்னு சொல்லி வேற மரத்தக் குடுத்துட்டாங்க. நீங்க ஏமாறல, நாங்கதான் ஏமாத்திட்டோம்" என்றார்.

"அய்யய்யோ, பரவாயில்லைங்க..."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க!" டீச்சரின் சத்தத்தில் எதிர்ப்புறம் ஸ்கூட்டரில் போனவர் பிரேக் போட்டார்.

வீட்டுக்காரர் மேனேஜரைப் பார்த்து, "வயசாயிடுச்சுன்னு சொன்னீங்கல்ல தம்பி. அது தப்பு" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அடுத்த வாரம் இருவரும் இரும்பு நாற்காலி விற்கும் வேறொரு கடைக்குப் போனார்கள். "நீயே பாத்து எடு" என்றார் வீட்டுக்காரர். "எனக்குக் கால் வலிக்குது, நீங்க பாருங்க" என்றார் டீச்சர். வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவினார். பற்றவைத்த இடங்களைக் கட்டைவிரலால் அழுத்தினார். உட்கார்ந்து இரண்டு முறை ஆடிப் பார்த்தார். பிறகு, எப்படி என்று கேட்பதுபோல் மனைவியின் முகத்தைத் தேடினார்.

டீச்சர் கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி, வேண்டுமென்றே முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றிருந்தார்.