யாருக்கு எந்த ஊசி

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி ஆழக் குழிக்குள் இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும்போதுகூட தயங்காத கை, ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்துக்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

பதின்மூன்று வயது மகளுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை, நான்கு வேளை இன்சுலின் என்று எதற்கும் மசியவில்லை. பெரியவர்களுக்கு நன்றாகக் கேட்ட புது மருந்து ஒன்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பரிசோதித்தார்கள். வாரம் ஓர் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"எம் பொண்ணு என்ன எலியா டாக்டர்?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பயமா இருந்தா வேணாங்க. நடுவுல நிறுத்திக்கலாம், பழைய வைத்தியம் அப்படியே நடக்கும்."

மகளும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுப் போட்டாள். அப்புறம்தான் அவர் போட்டார்.

மூன்றாவது வாரம், அவர் ஆறாவது மாடியில் வேலையில் இருந்தபோது மகளின் டீச்சர் போன் செய்தார். "வேர்த்துக் கொட்டுது சார், பேச்சு குழறுது!"

"முழுங்க முடியுதா? சர்க்கரைத் தண்ணி குடுங்க, உடனே!"

லிஃப்டை நிறுத்தி வைத்ததே அவர்தான். ஆறு மாடியும் படியில் ஓடினார். வழியில் மனைவிக்குப் போன் போட்டார். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

ஆஸ்பத்திரியில் கண் தெளிந்த மகள் உண்மையைச் சொன்னாள். காலையில் வாந்தி, எதுவும் சாப்பிடவில்லை, இன்சுலினை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டாளாம்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கப்பா. இது கேட்டுச்சுன்னா தினம் நாலு தடவ குத்திக்க வேணாம்ல?"

அவர் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டார். நிறுத்திவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். டாக்டரம்மா இன்சுலின் அளவைக் குறைத்தார். "இனி ஒரு சின்ன குமட்டல்னாலும் மறைக்கக் கூடாது" என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, ஊசியைத் தொடர அப்பா சம்மதித்தார். அதன் பிறகு வேலைநேரத்தில் போன் அடித்தாலே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எடுத்தார்.

ஒரு வருடம் கழித்துச் சொன்னார்கள்: அவளுக்குப் போட்டது மருந்துதான். இன்சுலின் ஒரு வேளையாகக் குறைந்திருந்தது. மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

"பத்து வருஷம் கழிச்சு இது ஒண்ணும் பண்ணாதுல்ல டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"இப்போதைக்குத் தெரியாதுங்க. வருஷா வருஷம் கூப்பிட்டுப் பார்ப்போம்."

அடுத்த வருடத் தேதியை அங்கேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.