எப்போதும் வெள்ளைக் கை

காலையில் கெலுகோர் கடைத்தெருவில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், வாங்கினேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றியதும் விரலில் ஒரு வாசம் ஒட்டுமே, அது போதும் எனக்கு. சோறு ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பதின்மூன்று வயதில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தினமும் அந்த வாசம்தான். ரப்பர் வளையங்களைக் கோத்து நீளக் கயிறாக்கி, இருவர் பிடிக்க மற்றவர்கள் தாண்டுவோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று கயிறு ஏறிக்கொண்டே போகும். கடல் காற்றில் பாவாடையெல்லாம் உப்பும்; மஞ்சள் வெயில் சுவரில் மெல்லச் சாயும். தாண்டுவோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். நான் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தேன்.

நாங்கள் ஏழு பேர். அணிக்கு மூவர் போக ஒருத்தி மிச்சம். 'ஓ பே சோம்' என்று கூவிக் கையை நீட்டுவோம். உள்ளங்கை தெரிந்தால் வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு. ஒருத்தி மட்டும் தனித்து நின்றால் அன்றைக்கு அவள் வெளியே. நான் புதிதாகக் குடிவந்தவள், குண்டு, வாயைத் திறக்காதவள். கையை மாற்றி வைக்கக்கூடக் கூச்சம், எப்போதும் வெள்ளைதான். ஆறு கறுப்புக்கு நடுவே தினமும் என் ஒரு வெள்ளை. என் ராசி அப்படி என்றே நம்பினேன், அவ்வளவு சமர்த்து!

ஒருநாள் ஏனோ புறங்கையை வைத்தேன். ஏழும் கறுப்பு. மறுபடி கூவினோம். மறுபடியும் ஏழும் கறுப்பு. இரண்டாம் மாடி சுலோ அடுத்த வீட்டு ஹுய் மின்னைப் பார்த்தாள்; ஹுய் மின் தரையைப் பார்த்தாள். வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"பேசி வச்சிக்கிட்டா செய்றீங்க?"

அங்கே நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

சுலோவின் முகம் சுண்டிவிட்டது. "நீ வந்தா தோத்துப் போவோம் லா," என்றாள். பிறகு ஓரமாக விலகி நின்று, "சரி, இன்னிக்கி நான் வெளிய. நீ போய்க் குதி."

குதித்தேன். முழங்கால் உயரத்திலேயே கயிறு காலில் சுற்றிக் குப்புற விழுந்தேன். முதலில் சிரித்தவள் சுலோ. ஓடிவந்து தூக்கியவளும் அவள்தான். முட்டியில் ரத்தம் வழிய, அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

இப்போது அந்தக் கீழ்த்தளத்தில் யாரும் குதிப்பதில்லை. போன வாரம் என் மகள் சாப்பிடாமல் படுத்திருந்தாள். அவளுக்கும் பதின்மூன்றுதான். தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்களாம்.

"நேராவே கேட்டுப் பாரு லா," என்றேன்.

"யாருகிட்டம்மா கேக்கிறது? யாரு சொல்லிச் செஞ்சாங்கன்னே தெரியல."

அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்காவது அன்றைக்கு எதிரில் ஆறு முகங்கள் இருந்தன.