டெய்லரம்மாவின் மெத்தைப் பள்ளம்

டெய்லரம்மாவுடையது பழைய பஞ்சு மெத்தை. அதில் சுவரோரமாக ஒரு பள்ளம். லாரி ஓட்டிய அவள் புருஷன் படுத்துப் படுத்து உண்டாக்கியது. ஆள் அப்படி வாட்டசாட்டம்! அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் தன் ஓரத்தில்தான் படுப்பாள். தூக்கத்தில் தானாக உருண்டு பள்ளத்துக்குள் போய்விடுவாள். காலையில் அங்கேதான் கண் விழிப்பாள். அவரிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். போட்டோ இருக்கிறதே என்பீர்கள். போட்டோ ஆளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுமா?

குளியலறைக் குழாயை மாற்ற வீட்டுக்காரம்மா ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்து வந்தாள். டெய்லரம்மா கடையில் இருந்த நேரம். அந்த மகானுபாவன், மெத்தையில் தூசி படியக் கூடாதே என்று அக்கறையாக அதைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டான். அப்புறம் வால்வை மூடாமலே குழாயை அறுத்தான். கேட்க வேண்டுமா? அறையெல்லாம் வெள்ளம்.

திரும்பி வந்த டெய்லரம்மா, ஊறிக் கிடந்த மெத்தையில் பள்ளம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"வெயில்ல போட்டா காஞ்சிடும்க்கா. அப்படியே விட்டுடுங்க."

"அதெப்படி விடுறது? குடியிருக்கிறவங்க பொருளைக் கெடுத்துட்டு அவன் பாட்டுக்குப் போயிடுவானா? நான் பாத்துக்கிறேன்."

நியாயத்துக்கு நிற்பதில் வீட்டுக்காரம்மாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"இல்லக்கா, அதுல அவரு..." என்று இழுத்தாள் டெய்லரம்மா. புருஷன் படுத்த பள்ளம் வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மகள்!

"ஒண்ணுமில்லக்கா" என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் கடையிலிருந்து வருவதற்குள் மெத்தை காய்ந்து, பஞ்சு அடித்து, புது உறை போட்டு, புசுபுசுவென்று கட்டிலில் ஏறியிருந்தது.

"ஒரே குண்டும் குழியுமா கெடந்துச்சுக்கா. எல்லாத்தையும் சமமாக்கச் சொல்லிட்டேன்" என்று தலையைச் சொறிந்தான் காண்ட்ராக்டர். பாவம், மனசாரத்தான் செய்திருந்தான்.

"புதுசு தோத்துடும் போ! படுத்துப் பாரும்மா" என்றாள் வீட்டுக்காரம்மா.

டெய்லரம்மா தன் ஓரத்தில் படுத்தாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். அவர் வேண்டும்போல் இருந்தது.

"எப்படி, சொகமா இருக்கா?"

"தூங்கிப் பாத்தாத்தான்க்கா தெரியும்."

காலையில் கண் விழித்தபோது, படுத்த இடத்திலேயே கிடந்தாள்.