திருத்தணி மேட்டில் பின்பக்கமாக ஏறிய பந்தயக் கார்

நாற்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் திருத்தணிக்குப் போனோம். யுத்தகாலத்து ஓடுதளம் ஒன்றில் ஞாயிறன்று பன்னிரண்டு மணி நேரக் கார் பந்தயம். என் வீட்டுக்காரர் தன் பழைய காரை அதற்காகவே பிரித்து மாற்றியிருந்தார். கூரையைக் கழற்றி எடையைக் குறைத்தார். அடிக்கடி பெட்ரோலுக்கு நிற்கக் கூடாதென்று, முன்னால் இருந்த சின்னத் தொட்டியை எடுத்துவிட்டு, இருக்கைக்குப் பின்னால் இருபது காலன் தொட்டியை வைத்தார். எனக்குத்தான் பயம். வேகத்தில் வண்டி திடீரென்று நின்றால், பின்னால் வருகிறவன் நேரே வந்து மோதுவானே! 'பந்தயத்தில் நிற்காது என்பதற்கு அடையாளமாக, வண்டி நிற்காமல் திருத்தணி சேர்ந்தால் இவருக்கு மொட்டை' என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். சுருட்டை முடிக்காரர் ஆயிற்றே, அதனால் விஷயத்தை வழியில்தான் சொன்னேன்.

பட்டணத்திலிருந்து ஐம்பத்து மூன்று மைல். வழிக்கு ரேஷனில் கிடைத்தது நாலு காலன் பெட்ரோல்தான். காலை ஐந்துக்குக் கிளம்பி, திருவள்ளூரில்கூட நிற்காமல் வந்தோம். ஏழே காலுக்கு, ஊருக்கு முந்தைய மேட்டில் வண்டி இருமியது. நின்றேவிட்டது.

அவர் எதையெதையோ கழற்றிப் பார்த்தார். ஆர்.கே.பேட்டையிலிருந்து சேலை மூட்டை ஏற்றி வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"தொட்டிய பின்னால வச்சிக்கினு மேடு ஏறுறீங்களே! இஞ்சினு மேல, பெட்ரோலு கீழ. எப்டிங்க போவும்?"

"தொட்டி ரொம்பினா போகுமா?" என்று கேட்டார் இவர்.

"ஆங், போவும். கொறஞ்சா நின்னுடும். வண்டிய திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துங்க, தொட்டி மேல வந்துடும்."

அப்படியே ஏற்றினோம். கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவர் ஓட்ட, எதிரே வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மானம் போனாலும் வண்டி ஏறியது!

மலையடியில் அவருக்கு ஒரே குஷி. "வண்டி நின்னுடுச்சு. மொட்டை கிடையாது!"

"இங்கே நின்னதாலதான் ஞாயித்துக்கிழமை நிக்காது. பேசாம உட்காருங்க" என்றேன். மொட்டைக்கு நாலணா.

காரில் வருகிறவர்கள் திருவள்ளூரிலேயே பெட்ரோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். லாரிக்காரர் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து தொட்டியை ஒரு சாண் உயர்த்தினார். ஞாயிறன்று, தொட்டி அடிமட்டத்துக்கு வந்த கடைசி மணி நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. வந்தது கடைசிக்கு முந்தின இடம். யாருக்கு வேண்டும் இடம்! இறங்கியதும் தோல் தொப்பியைக் கழற்றினார். அந்த மொட்டைத் தலையை முழுசாகப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.